தராசு தோட்டத்துக்கு வரட்டும்

மாவட்டச் சுகாதார அதிகாரி, மாவட்டச் சமூகநல அதிகாரி, மாவட்ட அலுவலகத்தில் இ-காசே என்கிற ஏழைக் குடும்பப் பட்டியலைக் கவனிப்பவர்கள், தோட்ட நிர்வாகிகள் ஆகியோருக்கு,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறோம். மாதத்தில் ஒரு நாள், பிற்பகல் 3 மணிக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தோட்டத்திலேயே எடை பார்க்க ஆள் அனுப்புங்கள். கிளினிக்கில் கொடுக்கிற உணவுக் கூடையையும் அதே நாளில், அதே இடத்தில் கொடுங்கள். எங்களுடைய மற்ற கோரிக்கைகள் எல்லாம் இந்த இரண்டுக்குப் பின்னால்தான் வருகின்றன.

நாங்கள் மலேசியத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு உதவி விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருகிறவர்கள். எங்களில் ஓய்வு பெற்ற மிஸ்ஸி (தாதி) இருக்கிறார், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் இருக்கிறார்கள், மளிகைக்கடைக் கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார். எங்கள் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களை வைத்து எழுதினாலும், கூலிம், சுங்கை சிப்புட், பாகாவ், லாபிஸ் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இது புதிதாக இருக்காது.

உதவியே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சத்துக் குறைந்த பிள்ளைகளைத் தேற்றும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1989 முதல் நடத்தி வருகிறது. ஏழைக் குடும்பத்தில் 6 மாதத்திலிருந்து 6 வயது வரை எடை குறைந்த பிள்ளை இருந்தால், அரிசி, மாவு, எண்ணெய், நெத்திலி, பிஸ்கட், முழுக்கொழுப்புப் பால்மாவு போன்றவை மாதாமாதம் கிடைக்கும். தோட்டத்து ஜனங்கள் அதை 'பாக்குல்' என்பார்கள். சமூகநல இலாகாவில் பிள்ளைகளுக்கான உதவித்தொகை இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான எஸ்டிஆர் ரொக்கம் இருக்கிறது, மைகார்டில் (அடையாள அட்டையில்) ஏறுகிற, மளிகை வாங்குவதற்கான சாரா உதவி இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் கால் வைத்துவிட்டால் ஆர்எம்டி என்கிற பள்ளிச் சாப்பாடு இருக்கிறது. இத்தனை இருந்தும் 2022 தேசியச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. நாடு முழுவதற்குமான கணக்கு அது. ஐந்து பிள்ளையில் ஒரு பிள்ளை. 'அப்பா குள்ளம், பிள்ளையும் குள்ளம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அதில் பெரும்பகுதி வயிற்றிலிருக்கும்போது தொடங்கி இரண்டு வயதுக்குள் சத்துப் போதாமல் வளர்ச்சி தடைபட்டதால் வந்தது. ஏழு வயதில் ஆர்எம்டி தட்டு கைக்கு வரும்போது அந்தக் காலம் தாண்டிப் போயிருக்கும்.

பிள்ளை எந்த இடத்தில் கைநழுவுகிறது என்பதற்குத் தடுப்பூசி அட்டவணையே சாட்சி. பிறந்தவுடன் போடுவதை விட்டால் 2, 3, 4, 5, 6, 9, 12, 15, 18-ஆம் மாதங்களில் ஊசி உண்டு. ஊசி இருக்கும் வரை தாய் எப்படியாவது கிளினிக்குக்கு வந்துவிடுகிறாள். வரும்போது எடையும் பார்க்கப்படுகிறது. 18-ஆம் மாத ஊசி போட்டாயிற்று என்றால், அடுத்த ஊசி ஏழு வயதில், பள்ளிக்கூடத்தில். இடையில் எடை பார்க்க வரச் சொல்லிப் புத்தகத்தில் தேதி எழுதித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஊசி இல்லாத தேதிக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு வருகிறவர்கள் குறைவு. தாய்ப்பால் நின்று, வீட்டுச் சோற்றுக்குப் பிள்ளை மாறுகிற காலமும் அதுதான்.

ஒரு பெண் பிள்ளையின் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதில் 10.0 கிலோ. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அந்த வயதுக்கு நடு எடை 11.5, எடை குறைவு என்று சொல்லும் கீழ்க்கோடு 9.0. பிள்ளை கோட்டுக்கு மேலே ஒரு கிலோ தள்ளி நிற்கிறது, யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று வயதில் அதே பிள்ளை 10.4 கிலோ. எடை குறையவில்லை, 400 கிராம் கூடித்தான் இருக்கிறது. தாயும் 'நல்லாத்தான் இருக்கா' என்றுதான் சொல்வாள். ஆனால் மூன்று வயதுக்குக் கீழ்க்கோடு 10.8. பிள்ளை ஒரே இடத்தில் நிற்க, கோடு அவளைத் தாண்டி மேலே போய்விட்டது. மாதாமாதம் எடை பார்த்திருந்தால் இரண்டேகால் வயதிலேயே வரைபடம் படுத்துவிட்டது கண்ணில் பட்டிருக்கும். அப்போது ஒரு முட்டையும் ஒரு கரண்டி எண்ணெயும் போதும். கோட்டுக்குக் கீழே விழுந்த பிறகு கூடை, மருந்து, ரத்தப் பரிசோதனை, பல மாதக் கண்காணிப்பு எல்லாம் வேண்டும்.

அதனால்தான் தராசைக் கேட்கிறோம். பிற்பகல் 3 மணி என்று குறிப்பாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) விடிகாலையில், செம்பனைக் காய் வெட்டுகிறவர், உதிரி பொறுக்குகிறவர், உரம் போடுகிறவர், மருந்தடிக்கிறவர் எல்லாரும் வீடு திரும்ப மதியம் தாண்டும். கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலை வேளை. இரண்டும் ஒரே நேரம் என்பதால், கிளினிக்குக்குப் போகிற நாள் சம்பளம் இல்லாத நாளாகிறது. குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவளுக்கு அடுத்த நாள் வேலை கிடைக்குமா என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

எடை பார்ப்பது சின்ன வேலை மாதிரித் தெரியும். தவறு அதிகம் நடப்பது அங்கேதான். பாயின் மேலோ ரப்பர் விரிப்பின் மேலோ வைத்த தராசு சரியான எடை காட்டாது. பலகைத் தரை ஆடும். சிமெண்டுத் தரையில் நான்கு காலும் பதிய வைத்து, காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய 1.5 லிட்டர் போத்தல் நான்கை ஏற்றினால் 6 கிலோவுக்குச் சற்று மேலே காட்டினால் தராசு நல்ல தராசு. 100 கிராம் வரை பிரித்துக் காட்டுவது வேண்டும். அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ நகருகிற வீட்டுத் தராசு இதற்கு ஆகாது. நிற்க மாட்டேன் என்று அழுகிற பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு அவள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பெம்பர்ஸைக் கட்டாயம் கழற்ற வேண்டும். நனைந்த பெம்பர்ஸ் 200, 300 கிராம் இழுக்கும். ஒரு வயதுப் பிள்ளை ஒரு மாதத்தில் கூடுகிற எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஈரத் துணியோடு எடை போட்டால், அந்த மாதம் பிள்ளை வளரவே இல்லை என்ற செய்தி அந்த ஈரத்துக்குள் மறைந்துவிடும். உயரம் அளக்கும்போது இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து, அதற்கு மேலே நிற்க வைத்து அளப்பதுதான் முறை. படுக்க வைத்து அளந்தால் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். முறையை மாற்றினால் அந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் எழுதக் கூடாது.

இரண்டு வருகைக்கு நடுவே நாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளவு நாடாவைச் சுற்றிப் பார்ப்பது. 6 மாதத்திலிருந்து 5 வயது வரை, இடக்கையின் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும், 11.5-க்குக் குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி. வண்ணம் அடித்த அந்த நாடாவைத் தோட்டத்துக்கு ஐந்து கொடுத்து, உங்கள் மிஸ்ஸி ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் மீதியை ஆயாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. ஓராங் அஸ்லி (பூர்வகுடி) குடியிருப்புகளுக்கு 2013 முதல் சமூக உணவுத் திட்டத்தைச் சுகாதார அமைச்சே கொண்டு போயிருக்கிறது. பிள்ளை இருக்கிற இடத்துக்குச் சாப்பாடு போக வேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக்கும் அதையே கேட்கிறோம்.

இனி, காகிதம். எடை குறைந்திருக்கிறது என்று மிஸ்ஸி எழுதிக் கொடுத்த பிறகும் கூடை வராமல் போவது பெரும்பாலும் காகிதத்தால்தான். பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது தீபகற்பத்தில் விதி. ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனதே பதிவு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 61-ஆவது நாள் முதல் அது தாமதப் பதிவு. சாட்சி, கடிதம், விசாரணை என்று நீளும். அடுத்தது கல்யாணம். கோயிலில் தாலி கட்டி ஊருக்கே சாப்பாடு போட்டிருப்பார்கள், ஆனால் பதிவு இருக்காது. 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள திருமணச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிய வேண்டும். தாய் தகப்பன் இருவரும் குடிமக்கள் என்றால், தகப்பன் பெயரை ஏற்றுவதில் சிக்கல் வரும், அதோடு சரி. தாய் வெளிநாட்டவர், கல்யாணம் பதியவில்லை என்றால் பிள்ளைக்குக் குடியுரிமையே கேள்வியாகிவிடுகிறது. மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) இல்லாத பிள்ளைக்கு எந்தப் பாரமும் நகராது. இன்னொன்று, பெயரின் எழுத்து. ஐசியில் (அடையாள அட்டையில்) ஒரு விதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் இருக்கும். ஒரு எழுத்துக் கூடக்குறைய இருந்தாலும் கணினி இருவரையும் வேறு ஆட்களாக எடுத்துக்கொள்ளும். இந்தக் குடும்பங்களுக்கு 'பேர் ஒத்து வரல' என்று மட்டும் பதில் போகிறது. எந்த எழுத்து, எந்தக் காகிதத்தில், எந்த அலுவலகத்தில் திருத்துவது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மூன்று மாத அலைச்சல் மிச்சமாகும்.

குடியுரிமைத் தாள் இல்லாத பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். பிள்ளையின் வளர்ச்சி அதுவரை காத்திருக்காது. எடை பார்க்கும் நாளில் தாள் இருக்கிறதா என்று கேட்காமல் எல்லாப் பிள்ளையையும் பாருங்கள். அரசாங்கக் கூடை கொடுக்க முடியாத பிள்ளைக்கு என்ன செய்வது என்பதைத் தோட்டமும் கோயில் கமிட்டியும் பார்த்துக்கொள்ளும். எந்தப் பிள்ளை என்று தெரிந்தால்தானே அதையும் செய்ய முடியும்?

வருமானக் கணக்கிலும் தோட்டத்து நிலைமை சரியாக விழுவதில்லை. 2022 கணக்குப்படி நாட்டின் வறுமைக்கோடு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700. ஒருவர் வேலை செய்தால் கோட்டுக்குக் கீழே. கணவனும் மனைவியும் வேலை செய்தால் காகிதத்தில் மேலே. ஆனால் செம்பனைக் காய் வருஷம் முழுவதும் ஒரே மாதிரி விழாது. ஆண்டின் பிற்பாதியில், ஆகஸ்டுக்கு மேல், காய் அதிகம், கைக்காசும் அதிகம். ஆண்டின் தொடக்கத்தில், அதுவும் மழை வெள்ளம் என்றால், வேலை நாளே குறையும். அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டை வைத்து முடிவு செய்த குடும்பம் பிப்ரவரியில் கடனுக்கு அரிசி வாங்கும். ஒரு மாதச் சீட்டைப் பார்க்காமல் 12 மாதச் சீட்டைக் கூட்டி வகுத்துப் பாருங்கள். தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டால் ஒரே தாளில் எடுத்துக் கொடுப்பார். ஒரே கூரைக்குக் கீழே மூன்று குடும்பம் இருப்பதும் சகஜம். தாத்தா பாட்டி, மூத்த மகன் குடும்பம், இளைய மகன் குடும்பம் என்று இருப்பார்கள்; அடுப்பு தனித்தனி. எல்லார் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டினால் யாருமே ஏழை இல்லை. வீட்டு எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்காமல் அடுப்பை வைத்துப் பாருங்கள் என்று இ-காசே பட்டியலைக் கவனிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

சமூகநல இலாகாவின் பிள்ளைகள் உதவித்தொகை 2021-இல் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு 200 வெள்ளி, 7 முதல் 18 வரை 150 வெள்ளி, குடும்பத்துக்கு உச்சவரம்பு 1,000 வெள்ளி என்று உயர்ந்தது நல்ல மாற்றம். ஆனால் எங்களிடம் வருகிற தாய்மார்களில் பலருக்கு அது உணவுக் கூடையிலிருந்து வேறான உதவி என்றே தெரியாது. ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காது என்று நினைத்துவிடுகிறார்கள். எடை பார்க்கும் நாளில் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் பாரத்தோடு வந்து உட்கார்ந்தால் இந்தக் குழப்பம் அங்கேயே தீரும். எஸ்டிஆரிலும் இப்படித்தான்: பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும், ஆனால் புதிதாகப் பிறந்த பிள்ளையைச் சேர்க்காவிட்டால் குடும்பம் பழைய கணக்கிலேயே நிற்கும்.

கூடைக்கு வருவோம். அரிசி, மாவு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து கனக்கும். அதை மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்து, பிள்ளையை நடுவில் வைத்து, தாய் பின்னால் உட்கார்ந்து, லோரி போட்ட குழியில் செம்மண் சாலையில் வர வேண்டும். மழை என்றால் மாவு நனையும். 'கூடையை எடுக்க வரவில்லை, அக்கறை இல்லாத குடும்பம்' என்று பதிவாவதற்கு முன்னால் அந்தச் சாலையை ஒரு முறை பாருங்கள் என்று பணிவோடு கேட்கிறோம். தோட்டத்து லோரி எப்படியும் பட்டணத்துக்கு வந்து போகிறது. நிர்வாகம் ஒரு நாள் அதைக் கொடுத்தால் பத்துக் குடும்பத்துக் கூடையை ஒரே நடையில் இறக்கிவிடலாம்.

கூடையைப் பிள்ளை மட்டும் சாப்பிடுவதில்லை என்ற குறையும் அடிக்கடி காதில் விழுகிறது. அது உண்மைதான். ஆறு பேர் உள்ள குடும்பத்தில், அதில் இருவர் காட்டில் வேலை செய்கிறவர்கள் என்றால், ஒரு நாளைக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ அரிசி வேகும். ஐந்து கிலோப் பொட்டலம் மூன்று, நான்கு நாள். உலை ஒன்றுதான், அதில் பிள்ளைக்கென்று தனி அரிசி வைக்க எந்தத் தாயாலும் முடியாது. அதனால் கூடையை இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். அரிசியும் மாவும் ஒரு பை, அது வீட்டுக்கு. பால்மாவு, நெத்திலி, பயறு, எண்ணெய், சத்து மருந்து ஒரு பை, அதன் மேல் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கட்டும். பெயர் எழுதிய பொட்டலத்தைப் பெரியவர்கள் சுலபமாகத் தொட மாட்டார்கள். இது எங்கள் அனுபவத்தில் ஒத்து வந்த விஷயம்.

பொட்டலத்தோடு எப்படிச் சமைப்பது என்பதும் தமிழில் போக வேண்டும். தோட்டத்து வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்கிற முதல் சோறு ரசத்தில் பிசைந்த சோறு, இல்லாவிட்டால் நீர்க்கஞ்சி. எட்டுக் கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம், ஏறக்குறைய 240 மில்லிதான் கொள்ளும். அதில் முக்கால்வாசி தண்ணீராக இருந்தால் வயிறு நிறையும், சத்து ஏறாது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் தேறவில்லை என்று தாய் சொல்வதற்கு அர்த்தம் இதுதான். நாங்கள் சொல்லிக் கொடுப்பது இந்த அளவு: அரிசி 4 மேசைக்கரண்டி, பாசிப்பயறு 2 மேசைக்கரண்டி. பயறை நான்கு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, அரிசியோடு மூன்று கிண்ணம் தண்ணீரில் குழைய வேகவிட வேண்டும். முக்கால் வேக்காட்டில் ஒரு பிடி முருங்கைக்கீரை, இறக்குமுன் ஒரு தேக்கரண்டி நெத்திலிப் பொடி. கிண்ணத்தில் போட்ட பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கலக்க வேண்டும். அந்த ஒரு கரண்டியே 40 கலோரிக்கு மேல் கூட்டும், வயிற்றில் இடமும் அடைக்காது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி வழியாமல் நிற்க வேண்டும், பதம் அதுதான். இரண்டு வேளைக்கு வரும். மீந்ததை வெளியில் வைத்திருந்து இரவில் கொடுக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் மாலைக்குள் கெட்டுவிடும், வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு மாதம் ஏறிய எடை ஒரு வாரத்தில் இறங்கிவிடும்.

நெத்திலியில் உப்பு அதிகம். தலையையும் குடலையும் கிள்ளி எறிந்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தால் ஒரு போத்தல் இரண்டு வாரம் வரும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேறு உப்போ சீனியோ சேர்க்க வேண்டாம்.

பாலில்தான் அதிகத் தவறு நடக்கிறது, மூன்று விதமாக. கூடையில் வருகிற முழுக்கொழுப்புப் பால்மாவை ஒரு வயது ஆகாத கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஒரு வயதுக்கு மேலே உள்ளவர்களுக்கு. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கூடை வந்து, தொட்டிலில் ஆறு மாதக் குழந்தையும் இருந்தால் இது கட்டாயம் நடக்கும், கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, புட்டிப்பால் டின்னை மாதக் கடைசி வரை இழுப்பதற்காகத் தண்ணீரைக் கூட்டுவது. டின்னில் ஆறு கரண்டி என்று போட்டிருக்கும், மூன்று கரண்டி போட்டுக் கலக்குவார்கள். பால் வெள்ளையாகத்தான் தெரியும், சத்து பாதி. மூன்றாவது, இனிப்பு டின். பாதி விலையில் கிடைக்கிறது, பசு படம் போட்டிருக்கிறது, தேத்தண்ணிக்கு வீட்டில் எப்போதும் இருக்கிறது. 'கிரீமர்' என்று எழுதியிருந்தால் அது பால் இல்லை. சீனியும் செம்பனை எண்ணெயும்தான் அதில் பெரும்பங்கு. சுடுதண்ணீரில் அதைக் கரைத்துப் புட்டியில் ஊற்றினால் பிள்ளை விரும்பிக் குடிக்கும், பல் சொத்தையாகும், எலும்புக்கும் சதைக்கும் ஒன்றும் போகாது. தேத்தண்ணியில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேயிலை விடாது.

இவற்றை ஒரு தாளில், பெரிய எழுத்துத் தமிழில், டின்னின் படத்தோடு அச்சடித்துப் பொட்டலத்தில் வையுங்கள். எழுத்தை நாங்கள் இலவசமாகத் தயார் செய்து தருகிறோம். உங்கள் ஊட்டச்சத்து அதிகாரி சரிபார்த்தால் போதும்.

சாராவைப் பற்றிச் சுருக்கமாக. பதிந்த கடையில், மைகார்டைச் சொருகி, குறித்த வகைப் பொருளை வாங்கும் முறை நல்ல முறைதான். காசு சாராயத்துக்குப் போகாது. ஆனால் காசு ஏறுவது பெரும்பாலும் குடும்பத் தலைவரின் கார்டில். அவர் லோரி ஓட்டுகிறவராகவோ ஜொகூரில் வேலை செய்கிறவராகவோ இருந்தால் கார்டும் அவரோடு போய்விடும். பதிந்த கடை பட்டணத்தில் இருக்கிறது. தோட்டத்து வாசலில் மீனும் காய்கறியும் கொண்டு வருகிற வேன்காரரிடம் அது செல்லாது. ஆகவே பிள்ளைக்கு மிகவும் தேவையான பச்சை மீனும் கீரையும் கைக்காசில்தான். சாராவில் பிஸ்கட்டும் மீயும் (நூடுல்ஸ்) சுலபமாக நிறைகின்றன. முட்டை அந்தப் பட்டியலில் இருக்கிறது. 'சாராக் காசில் முதலில் முட்டை, பிறகு எண்ணெய், மிச்சம் இருந்தால் மற்றது' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பட்டணத்து மளிகைக்கடைக்காரர்களும் முட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கினால் உதவியாக இருக்கும். தோட்டத்து முச்சந்தியில் உள்ள சின்னக் கடைகள் பதிந்துகொள்ள மாவட்ட அலுவலகம் வழிகாட்ட வேண்டும். கருவி, கணக்கு, இணையம் என்றதும் அந்தக் கடைக்காரர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள்.

தோட்ட நிர்வாகிகளுக்கு. தோட்டங்கள் துண்டுபடுவதற்கு முன்னால் ஆயாக்கொட்டகையும் இருந்தது, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரும் இருந்தார். விடிகாலையில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போவார்கள். அங்கே பிள்ளைக்குப் பாலும் கஞ்சியும் உண்டு. மெலிந்த பிள்ளை யார் கண்ணுக்கும் தப்பாது. இன்று பல தோட்டங்களில் அந்தக் கட்டடம் உர மூட்டை வைக்கிற இடம். அதைச் சுத்தம் செய்து திறந்து கொடுங்கள். முப்பது பிள்ளைக்கு, வேலை நாள் 26-க்கு, நாளுக்கு ஒரு அவித்த முட்டை. முட்டை அரை வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மாதம் 390 வெள்ளி. முட்டையை வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை, கொதித்த பிறகு பத்து நிமிஷம் அவிக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே மசித்துக் கொடுக்க வேண்டும், முழு முட்டை தொண்டையில் சிக்கும். ஆயாவுக்கு ஒரு சம்பளமும் உங்கள் கணக்கில் வர வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடமோ பத்து வயது அக்காவிடமோ விட்டுப் போகிற தாய், பயத்தில் அரை நாளில் திரும்புவதைவிட இது தோட்டத்துக்கும் லாபம்தான்.

2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். குத்தகைக்காரர் மூலமாக எடுத்த பெண்களுக்கும் அது கிடைக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். பதினான்கு வாரம் தாய் வீட்டில் இருந்தால் தாய்ப்பால் நிலைத்துவிடும்; நாற்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினால் புட்டியும் இனிப்பு டின்னும் வீட்டுக்குள் வந்துவிடும். மேலே சொன்ன பால் தவறுகளில் பாதி அங்கேதான் முளைக்கிறது.

எங்கள் பக்கத்து வேலையைச் செய்து வைத்திருக்கிறோம். நான்கு தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியல் தயார். பெயர், பிறந்த தேதி, மைகிட் உண்டா, கடைசியாக எடை பார்த்த தேதி என்று நான்கு கட்டம். தாய்மார்கள் சம்மதம் கொடுத்த பிள்ளைகளின் பெயர் மட்டும்தான் அதில் இருக்கிறது. சுவரில் ஒட்டவோ வாட்சாப்பில் அனுப்பவோ மாட்டோம், உங்கள் கையில் நேராகத் தருவோம். மாரியம்மன் கோயில் மண்டபத்தைப் பிற்பகலில் திறந்து கொடுக்கக் கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. தரையில் தராசு ஆடாத ஒரு மூலையைப் பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பாய், தண்ணீர், தமிழ் மலாய் இரண்டும் பேசத் தெரிந்த இரண்டு பேர் எங்கள் பொறுப்பு. சம்பளம் போட்ட மறுவாரத்தில் ஒரு நாளைக் குறித்து, பத்து நாள் முன்னால் சொன்னால் போதும். லயன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தாய்மார்களுக்குப் பாரம் நிரப்பித் தருகிறவர்கள்